எந்த ஷாட்டுக்குக் கை பிந்துகிறதோ, அதற்கேற்ற ஷட்டில் பேட்

"ஸ்மாஷுக்கு நல்ல பேட் எது?" கடையில் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடைக்காரரும் தலைப்பக்கம் கனமான ஒன்றை எடுத்து நீட்டுவார். வாங்கியவர் நாலு ஸ்மாஷ் பளிச்சென்று அடிப்பார். ஐந்தாவதை எதிராளி உடம்புக்கு நேராகத் திருப்பினால், பேட் மேலே வருவதற்குள் ஷட்டில் இடுப்பில் பட்டிருக்கும். ஒரு மணி நேர டபுள்ஸில் நாம் அடிக்கிற ஸ்மாஷ் கொஞ்சம்தான். எடுக்க வேண்டிய ஸ்மாஷ், டிரைவ் (நெட்டை ஒட்டிக் கிடையாகப் பறக்கும் அடி), லிஃப்ட், சர்வீஸ் ரிட்டர்ன் எல்லாம் சேர்ந்தால் அதைப்போலப் பல மடங்கு. அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த ஷாட்டுக்கு என் கை பிந்துகிறது? பேலன்ஸை, அதாவது கனம் தலைப்பக்கமா கைப்பிடிப் பக்கமா என்பதை, இந்தப் பதில் முடிவு செய்யும். ஷாஃப்ட் (தண்டு) எவ்வளவு விறைப்பாக இருக்கலாம் என்பதைக் கையின் வேகமும், எடையைத் தோளும் முடிவு செய்யும். கம்பெனியும் நிறமும் கடைசியில்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 'பேட்மிண்டன் பேட்' என்று மட்டும் கேட்டால் சில கடைகளில் பூப்பந்து பேட்டைக் காட்டக்கூடும். 'ஷட்டில் பேட்' என்றே கேளுங்கள். பூப்பந்தாட்டத்தின் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். ஷட்டில் 4.74 முதல் 5.50 கிராம்தான். கார்பன் ஷட்டில் பேட்டால் விளையாட்டுக்குக்கூடக் கம்பளிப் பந்தை அடிக்க வேண்டாம். ஃபிரேம் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல.

கூம்பில் இருக்கும் எழுத்து

கைப்பிடி முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் கூம்பு ஒன்று இருக்கும். பேட்டைத் திருப்பி அதை உற்றுப் பாருங்கள். பொடி எழுத்தில் '4யூ ஜி5' (4U G5) என்றும், பக்கத்திலோ தண்டிலோ '20–28 எல்பிஎஸ்' (கட் எனப்படும் நரம்பை இறுக்கக்கூடிய அளவு, அதாவது டென்ஷன், பவுண்டில்) என்றும் போட்டிருக்கும். விளம்பர அட்டையில் உள்ள பத்து வரியைவிட இந்த இரண்டும் உபயோகமானவை.

யூ என்பது எடை. எண் கூடக் கூட எடை குறையும். 3யூ என்றால் 85 முதல் 89.9 கிராம், 4யூ 80 முதல் 84.9, 5யூ 75 முதல் 79.9. எஃப் என்று போட்டிருந்தால் 70 முதல் 74.9. யோனெக்ஸ், விக்டர் இரண்டிலும் 3யூ, 4யூ ஒரே பொருள்தான். லி-நிங் பேட்டுகள் சிலவற்றில் தனிக் குறியீடு இருக்கும், அதில் கிராம் கணக்கையே பாருங்கள். இவையெல்லாம் கட் போடாத எடை. கட் போட்டால் நாலு, நாலரை கிராம் ஏறும்.

வாரம் மூன்று நாலு நாள் ஆடும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 4யூ சரிப்படும். தோளும் முன்கையும் பழகியவர்கள், சிங்கிள்ஸ் அதிகம் ஆடுபவர்கள் 3யூவுக்குப் போகலாம். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள், நாற்பத்தைந்துக்கு மேல் புதிதாகத் தொடங்குபவர்கள், தோள்பட்டை வலி இருப்பவர்கள் 5யூவில் தொடங்குவது நல்லது. எட்டு வயதுக்குக் கீழ் என்றால் நீளம் குறைந்த ஜூனியர் பேட்தான். பெரியவர்களின் 675 மி.மீ. பேட்டைக் கொடுத்தால் குழந்தை கைப்பிடியை விட்டுக் கூம்பைப் பிடித்து ஆடப் பழகிவிடும், பிறகு அதை மாற்றுவது பெரும் பாடு.

ஜி என்பது கைப்பிடியின் தடிமன். யோனெக்ஸிலும் விக்டரிலும் எண் கூடினால் கைப்பிடி மெலியும்: ஜி4-ஐவிட ஜி5 மெல்லியது. எல்லாக் கம்பெனியும் இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

பேலன்ஸை நீங்களே அளக்கலாம்

பேட்டின் தண்டைக் கிடையாக ஒரு விரல் மேல் வைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை டேப்பால் அளங்கள். விரலைவிட ஸ்கேலின் விளிம்பில் வைத்தால் துல்லியம் கூடும். கட் போடாத பேட்டில் 285 மி.மீ.க்குக் கீழே என்றால் ஹெட் லைட் (தலை லேசு), 285 முதல் 295 வரை ஈவன் (சமம்), 295-க்கு மேல் ஹெட் ஹெவி (தலை கனம்) என்று பொதுவாகப் பிரிப்பார்கள். 305-ஐத் தாண்டினால் தலை நன்றாகவே கனம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடையில் சோதிக்கும்போது பேட் வெறும் ஃபிரேமாக இருக்கும், கோர்ட்டில் நண்பரிடம் வாங்கிச் சோதித்தால் கட்டும் ஓவர்கிரிப்பும் (கைப்பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) இருக்கும். இரண்டு எண்ணையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. 83 கிராம் எடையும் 290 மி.மீ. பேலன்ஸும் உள்ள பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை கிராம் கட் தலையின் நடுவில், அதாவது அடியிலிருந்து சுமார் 550 மி.மீ. தூரத்தில் உட்காருகிறது. பேலன்ஸ் 303-க்கு ஏறிவிடும். அதன்மேல் ஐந்து கிராம் ஓவர்கிரிப் ஒன்று சுற்றினால் 292-க்கு இறங்கிவிடும். ஆக, ஒரு கட்டும் ஒரு ஓவர்கிரிப்பும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று சமன் செய்துவிடுகின்றன. ஓவர்கிரிப்பின் மேல் இன்னொரு ஓவர்கிரிப் சுற்றுபவர்கள், காசு கொடுத்து வாங்கிய ஹெட் ஹெவியைத் தங்கள் கையாலேயே ஈவன் ஆக்கிக்கொள்கிறார்கள். "முன்னே மாதிரி ஸ்மாஷ் இறங்கலையே" என்ற புலம்பலுக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

எதிர்த் திசையிலும் இதைப் பயன்படுத்தலாம். ஃபிரேமின் உச்சியில், பக்கத்துக்கு அரை கிராமாக மொத்தம் ஒரு கிராம் ஈய டேப் ஒட்டினால் பேலன்ஸ் சுமார் நாலு மி.மீ. தலைப்பக்கம் நகரும். டென்னிஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். புது பேட்டுக்குச் செலவு செய்யுமுன் ஒரு வாரம் இப்படி ஆடிப் பார்த்தால், உங்களுக்கு உண்மையில் தலைக்கனம் வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

தலை கனமாக இருந்தால் அதே கை வேகத்தில் ஷட்டிலுக்குக் கூடுதல் விசை கிடைக்கும். பின்கோட்டிலிருந்து ஆழமாக அடிக்க உதவும். ஆனால் அந்தத் தலையை ஓட வைக்கவும், ஓடுவதை நிறுத்தவும், திசை மாற்றவும் நேரம் பிடிக்கும். நெட் அருகில் குறுக்கிட்டுத் தட்டுவதற்கும், உடம்புக்கு வரும் ஸ்மாஷை எடுப்பதற்கும் அந்த நேரம் நம்மிடம் இருக்காது.

ஹெட் ஹெவி இல்லாமல் ஸ்மாஷ் வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில், சோகாவிலுள்ள யோனெக்ஸ் தொழிற்சாலை அரங்கில் நம் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் ஸ்மாஷ் அடித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். அவர் கையில் இருந்தது நானோஃபிளேர் 1000 இசட். அதை ஹெட் லைட் என்றுதான் யோனெக்ஸே வகைப்படுத்துகிறது. தலை எவ்வளவு கனம் என்பதோடு, அதை எவ்வளவு வேகமாகச் சுழற்ற முடிகிறது என்பதும் சேர்ந்ததுதான் விசை. கனமான தலையை மெதுவாகச் சுழற்றுபவருக்கு லேசான தலையில் ஸ்மாஷ் கூடினாலும் ஆச்சரியமில்லை.

ஷாஃப்ட்: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்

விலை கூடிய பேட்டுகள் பெரும்பாலும் ஸ்டிஃப், அதாவது விறைப்பான ஷாஃப்டோடு வருகின்றன. 'விலை கூட, ஆகவே எனக்கும் நல்லது' என்று எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கே. ஸ்டிஃப் ஷாஃப்ட் வளைந்து நிமிர வேண்டுமானால் முன்கையைத் திருப்பி அடிக்கும் வேகம் அதற்கேற்ப இருக்க வேண்டும். அந்த வேகம் இல்லாதவர் அடித்தால் தண்டு கம்பி போல நிற்கும், டாஸ் (பின்கோடு வரை உயர்த்தி அனுப்பும் அடி) பாதிக் கோர்ட்டில் விழும். அதை ஈடுகட்டத் தோளைப் போட்டு அடிப்பார். இரண்டு மாதத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும்.

வேகமான கை உள்ளவருக்கு வளையும் தண்டு கொடுத்தால் கதை தலைகீழ். அவர் அடித்து முடித்த பிறகும் தலை பின்னால் இருக்கும், நிமிர்ந்து வருவதற்குள் ஷட்டில் கிளம்பிவிடும். ஸ்மாஷ் மேலேறிப் பின்கோட்டைத் தாண்டும், டிரைவில் குறி தப்பும்.

உங்கள் கை எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. பின்கோட்டருகே நின்றுகொண்டு, ஒருவரைத் தலைக்கு மேலே வருமாறு தூக்கிப் போடச் சொல்லிப் பத்து டாஸ் அடியுங்கள். ஷட்டில் பிய்ந்ததாக இருக்கக்கூடாது. எதிர்ப்பக்கத்தில் பின்கோட்டுக்கும் அதற்கு 76 செ.மீ. முன்னால் உள்ள டபுள்ஸ் சர்வீஸ் கோட்டுக்கும் நடுவே ஒரு பட்டை இருக்கிறதல்லவா, அதில் எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். ஏழோ அதற்கு மேலோ, அதுவும் மூச்சுப் பிடிக்காமல் விழுந்தால் ஸ்டிஃப் உங்களுக்கு ஒத்துவரும். மூன்றிலிருந்து ஆறு என்றால் மீடியம். அதற்கும் குறைவென்றால் ஃபிளெக்ஸ், அதாவது நன்றாக வளையும் தண்டு. ஷட்டிலைத் தலைக்குப் பின்னால் விட்டு அடிக்கிற பழக்கம் இருந்தால் இந்தச் சோதனை செல்லாது. எந்த ஷாஃப்டும் அதைச் சரி செய்யாது, முதலில் கால் நகர்த்தலைப் பாருங்கள்.

ஸ்டிஃப், மீடியம் என்ற பெயர்களுக்குக் கம்பெனிகளுக்கிடையே பொது அளவுகோல் இல்லை. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் ஸ்டிஃப்பாக இருக்கலாம். கைப்பிடியை ஒரு கையிலும் தலையின் உச்சியை மறு கையிலும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். உங்கள் பழைய பேட்டையும் எடுத்துப்போய் அதே போல வளைத்து ஒப்பிட்டால்தான் அந்த உணர்வுக்குப் பொருள் உண்டு. வேகமாக முறுக்கி வளைத்துக் காட்டும் கடைக்காரரின் வித்தை எதையும் சொல்லாது.

எந்த ஆட்டத்துக்கு எது

இனி ஆட்ட வகைக்கு வருவோம். வார இறுதியில் டபுள்ஸ் மட்டும் ஆடுகிறவர், முன்னும் பின்னும் மாறி மாறி நிற்பவர், இன்னும் ஒரு பாணி அமையாதவர் என்றால் 4யூ, ஈவன் பேலன்ஸ், மீடியம் ஷாஃப்ட். இதில் தவறு நேர வாய்ப்பு குறைவு. 'எனக்கென்று தனி பாணி இருக்கிறது' என்று சொல்லும் பலருக்கும் இதுதான் பொருந்தும், அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டபுள்ஸில் முன்கோர்ட் ஆள், சர்வீஸ் போட்டுவிட்டு நெட்டை ஆளுகிறவர், டிரைவில் எதிராளியை நெருக்குகிறவர்: ஹெட் லைட் அல்லது ஈவன், 4யூ. ஷாஃப்ட் மீடியத்துக்குக் கீழே போகக்கூடாது. முன்கோர்ட்டில் கை அசைவு குறுகியது. வளையும் தண்டு அந்தக் குறுகிய அசைவில் நிமிர்ந்து முடிவதில்லை, தட்டிய ஷட்டில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மிக்ஸ்டு டபுள்ஸில் முன்னால் நிற்கும் பெண்களுக்கும் இதே கணக்கு. 'லேடீஸ் பேட்' என்று தனியாக நீட்டப்படுவதை, அது 5யூ என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை.

பின்கோர்ட்டிலிருந்து தொடர்ந்து ஸ்மாஷும் ட்ராப்பும் அடிக்கும் டபுள்ஸ் ஆள்தான் ஹெட் ஹெவிக்கு உண்மையான சொந்தக்காரர். அவருக்கும் 3யூவைவிட 4யூ நல்லது. தலைக்கனம் விசையைக் கொடுக்கும், குறைந்த மொத்த எடை அடுத்த ஷாட்டுக்குத் தயாராக உதவும். இந்த முன்-பின் வேறுபாட்டை யோனெக்ஸின் அஸ்ட்ராக்ஸ் 88 ஜோடியில் தெளிவாகப் பார்க்கலாம். 88 டி பின்னால் நின்று அடிப்பவருக்கு, 88 எஸ் முன்னால் நிற்பவருக்கு. தினமும் ஒரே ஜோடியாக ஆடுகிறவர்களுக்கு இந்தப் பிரிவினை பயன்படும். கிளப்பில் யார் வந்தாலும் சேர்ந்து ஆடுகிறவருக்கு இது தேவையில்லாத தலைவலி.

சிங்கிள்ஸில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரம் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது, ஆனால் ஒவ்வொன்றையும் கோர்ட்டின் கடைசி வரை அனுப்பியாக வேண்டும். ஈவன் முதல் லேசான ஹெட் ஹெவி வரை பொருந்தும். நீண்ட ரேலி ஆடி, குறி வைத்து நான்கு மூலைக்கும் ஓடவிடுகிற ஆட்டக்காரருக்கு ஈவன் பேலன்ஸும் கொஞ்சம் விறைப்பான தண்டும் திசை தவறாமல் இருக்கும். எதிராளி தூக்கிப் போட்டதும் பாய்ந்து அடிக்கிறவருக்குத் தலைக்கனம். விக்டர் அக்செல்சன் ஆடிய அஸ்ட்ராக்ஸ் 100 இசட் இசட்டைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது ஹெட் ஹெவி, தண்டு எக்ஸ்ட்ரா ஸ்டிஃப், அதைச் சுழற்றியவர் 194 செ.மீ. உயரமுள்ள, இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆட்டக்காரர்.

கம்பெனிகள் இந்த மூன்று வகைக்கும் தனித்தனி வரிசைப் பெயர் வைத்திருக்கின்றன. யோனெக்ஸில் அஸ்ட்ராக்ஸ் தலைக்கனம், நானோஃபிளேர் வேகம், ஆர்க்சேபர் நடுநிலை. விக்டரில் அதே வரிசையில் த்ரஸ்டர், ஆராஸ்பீடு, டிரைவ்எக்ஸ். லி-நிங்கில் ஆக்ஸ்ஃபோர்ஸ், பிளேடெக்ஸ், ஹால்பர்டெக். பெயரைப் பார்த்தால் பாதி தெரியும். மீதியை டேப்பால் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள், ஒரே வரிசைக்குள்ளும் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

யோனெக்ஸில் பெயரின் கடைசிச் சொல்லையும் கவனியுங்கள்: பிளே, கேம், டூர், புரோ என்று படிப்படியாக ஏறும். நிறமும் எழுத்தும் ஒன்று போலவே இருக்கும், உள்ளே போகும் கார்பனும் தண்டின் விறைப்பும் வேறு. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கீழ்ப்படி மாடல்களில் தண்டு பெரும்பாலும் மென்மையாக இருப்பதால், தொடக்கநிலை ஆட்டக்காரருக்குப் புரோவைவிட அவையே நன்றாக ஆடும்.

இரும்புத் தண்டும் அலுமினியத் தலையும் உள்ள மலிவு பேட்டுகள் மொட்டைமாடியில் நைலான் ஷட்டிலோடு ஆடப் போதும். வாரத்துக்கு இரண்டு நாள் உள்ளரங்கில் ஆடத் தொடங்கிவிட்டால் முழு கிராஃபைட் (கார்பன்) பேட்டுக்கு மாறிவிடுங்கள். அலுமினிய ஃபிரேம் டென்ஷன் ஏற்றினால் வளைந்துவிடும், தண்டும் தலையும் சேரும் இடத்தில் ஆட்டம் காணும். கனம் காரணமாக மணிக்கட்டும் பழுதாகும்.

கட்டிங் (கட் போடுதல்): பேட்டில் பாதி இதுதான்

பேட்டுக்கு ஆறாயிரம் கொடுத்துவிட்டு, அதோடு வந்த கம்பெனி கட்டிலேயே ஆறு மாதம் ஆடுகிறவர்கள் உண்டு. அந்தக் கட் குறைந்த டென்ஷனில் போட்டது, கிடங்கில் கிடந்து மேலும் தளர்ந்திருக்கும். கட் போடாத ஃபிரேமாக வாங்கி, கட்டிங் தெரிந்தவரிடம் கொடுத்துப் போடுவதே முறை.

டென்ஷன் கூடினால் பவர் கூடும் என்பது கோர்ட்டுகளில் பரவியிருக்கும் பெரிய தவறான நம்பிக்கை. தளர்ந்த கட் ஷட்டிலைத் தானே உந்தித் தள்ளும், நடுவில் நன்றாகப் படும் பரப்பும் அகலமாக இருக்கும். இறுக்க இறுக்க அந்தப் பரப்பு சுருங்கும், உந்துதல் குறையும், திசைத் துல்லியம் கூடும். அந்தத் துல்லியத்தைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் நடுவில் படுமாறு அடிக்க வேண்டும், வேகத்தை நீங்களே கொடுக்க வேண்டும். தொடங்குபவருக்கு 20 முதல் 22 பவுண்டு, ஓரளவு பழகியவருக்கு 23 முதல் 25, பயிற்சியாளரிடம் ஒழுங்காகக் கற்று வேகமாக ஆடுபவருக்கு 26, 27. அதற்கு மேல் போவதைப் போட்டிக்கு ஆடுபவர்களிடம் விட்டுவிடலாம். ஏற்றுவதென்றால் ஒரு கட்டிங்குக்கு ஒரு பவுண்டுதான். கூம்பிலோ தண்டிலோ போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டிப் போட்டு ஃபிரேம் உடைந்தால் வாரண்டி கிடைக்காது. "அதெல்லாம் சும்மா போட்டிருப்பாங்க சார், தாங்கும்" என்று சொல்பவரிடம் பேட்டைக் கொடுக்காதீர்கள்.

கட்டின் தடிமனும் முக்கியம். யோனெக்ஸ் கட்டுகளில் பிஜி65 0.70 மி.மீ., நம் ஊரில் பரவலாகப் போடுவது இதைத்தான். நாள்பட உழைக்கும், விறைப்பு சுமார். பிஜி80 0.68 மி.மீ., அடிக்கும்போது கெட்டியான உணர்வு தரும். பிஜி66 அல்டிமேக்ஸ் 0.65, எக்ஸ்போல்ட் 63 பெயருக்கேற்ப 0.63. மெலிய மெலிய ஷட்டில் துள்ளிப் போகும், ஓசை கணீரென்று வரும், சீக்கிரம் அறுந்தும் போகும். விளிம்பில் பட்டு அடிக்கடி கட் அறுகிறதென்றால் மெல்லிய கட்டும் உயர்ந்த டென்ஷனும் உங்களுக்கு இப்போது வேண்டாம். டாஸ் எட்டவில்லை என்ற குறைக்குப் புது பேட் பார்க்குமுன், அதே பேட்டில் இரண்டு பவுண்டு குறைத்து மெல்லிய கட் போட்டு ஆடிப் பாருங்கள். ஃபிரேமின் விலையில் பத்தில் ஒரு பங்கு செலவில் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

கட்டிங்குக்குக் கொடுக்குமுன் தலையின் உள்நீளத்தையும் உள் அகலத்தையும் அளந்து குறித்து வையுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி அளங்கள். இரண்டு மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் மெஷினில் ஃபிரேமைச் சரியாகத் தாங்கிப் பிடிக்கவில்லை, அல்லது நெடுக்குக் கட்டுக்கும் குறுக்குக் கட்டுக்கும் டென்ஷன் விகிதம் சரியில்லை. குறுக்குக் கட்டை ஒன்று இரண்டு பவுண்டு கூட்டிப் போடுவது பொது வழக்கம். கட் போகும் துளைகளில் உள்ள சிறு பிளாஸ்டிக் குரோமெட் உடைந்திருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். உடைந்த குரோமெட்டோடு போட்டால் கார்பன் விளிம்பு கட்டை அறுக்கும், கட் கார்பனை அறுக்கும்.

பிடி

பேட்டை ஆடும்போது பிடிப்பதுபோல் பிடியுங்கள். விரல் நுனிகளுக்கும் உள்ளங்கையின் சதைப்பகுதிக்கும் நடுவே மறு கையின் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். நுனிகள் உள்ளங்கையில் குத்தினால் மெல்லியது, இடைவெளி இன்னும் அகலமாக இருந்தால் தடிமன். மெல்லியதைச் சுற்றித் தடிமனாக்கலாம், தடிமனை மெலிய வைக்க முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் ஜி5. தடித்த கைப்பிடியில் ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு விரலால் பேட்டைத் திருப்புவது பிந்தும், டபுள்ஸ் டிஃபென்ஸில் அந்தப் பிந்தல் அப்படியே தெரியும்.

சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் ஓவர்கிரிப் இரண்டு வாரத்தில் வழுக்க ஆரம்பித்துவிடும். வழுக்கினால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடித்தால் முன்கை வேகம் போய்விடும். பழைய ஓவர்கிரிப்பின் மேலேயே புதியதைச் சுற்றாமல் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். வியர்வை மிக அதிகம் என்றால் டவல் கிரிப் நல்லது, ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிக் கைப்பிடிப் பக்கக் கனத்தைக் கூட்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

கைப்பிடியின் அடியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்டு வழியாகத் தலையைப் பாருங்கள். தலை ஒருபக்கம் திருகியிருந்தால் வேண்டாம். ஃபிரேமைச் சுற்றிலும் விரல் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள். பெயின்ட் மேடு பள்ளம் பரவாயில்லை, நகம் மாட்டும் கோடு இருந்தால் விரிசல். காதருகே வைத்து ஆட்டினால் கைப்பிடிக்குள் சிறு துணுக்கு உருளும் ஓசை சில பேட்டுகளில் கேட்கும். பெரும்பாலும் உள்ளே காய்ந்து உதிர்ந்த பசைதான், ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் ஓசையில்லாத இன்னொன்றைக் கேட்பதில் தப்பில்லை. கூம்பு ஆடினால் மறுத்துவிடுங்கள்.

போலிகள் நிறைய. பிரபல மாடல் பாதி விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். யோனெக்ஸ் என்றால் கூம்பில் பொறித்த வரிசை எண்ணும், இந்திய விநியோகஸ்தரான சன்ரைஸின் ஹாலோகிராம் ஒட்டியும், பில்லும் மூன்றும் இருக்க வேண்டும். போலியில் எடை பெரும்பாலும் கூம்பில் போட்டிருப்பதோடு ஒத்துப்போகாது. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கையிருப்பு பத்தாயிரம் என்றால் ஒரே விலையுயர்ந்த பேட்டில் போடாதீர்கள். முதலில் ரப்பர் அடியுள்ள உள்ளரங்க ஷூ. பேட்டைவிட முழங்காலும் கணுக்காலும் விலை கூட. மீதியில் ஒரே மாடல், ஒரே எடை, ஒரே டென்ஷனில் இரண்டு நடுத்தர பேட். கேம் நடுவில் கட் அறுந்தால் அடுத்ததை எடுத்து அதே கையோடு ஆடலாம். வேறு மாடலை எடுத்தால் அந்தக் கேமில் டாஸ் நிதானத்துக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

வாங்கிய பிறகு

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் ஆடுங்கள். பேலன்ஸ் மாறினால் ஷட்டிலைச் சந்திக்கும் நேரமும் மாறும், கை அதைப் பழக இந்த அவகாசம் வேண்டும். பிறகு மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றுதான்: கிரிப், அல்லது டென்ஷன், அல்லது ஈய டேப். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

கட் அறுந்தது போலவே அறுகாமல் இருப்பதும் பிரச்சினைதான். மூன்று மாதத்துக்கு மேல் ஓடும் கட், டென்ஷன் போய்ச் செத்திருக்கும். ஓசை மந்தமாகும், கட்டுகள் இடம் விலகி நிற்கும், விரலால் நேராக்க வேண்டியிருக்கும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ, வெயிலில் நிற்கும் பைக்கிலோ பேட்டை விட்டுவிட்டால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

டபுள்ஸில் பார்ட்னர் பேட்டோடு மோதிவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மோதிய இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த ஃபிரேமுக்கு மறுபடி கட் போடுவது வீண் செலவு. கட் தானாக அறுந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் இழுவிசை போய், மறு பக்கம் அப்படியே இருந்தால் ஃபிரேம் கோணும். கோர்ட்டிலேயே கத்திரிக்கோல் வாங்கி, நடுவிலிருந்து தொடங்கி நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என மாற்றி மாற்றி வெளிப்பக்கம் வரை எல்லாக் கட்டையும் வெட்டிவிடுங்கள்.